பலகையக்காவும் பதினோராம் நாள் டம்பும்

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் யாரும் கைகாட்ட மாட்டார்கள். பலகையக்கா என்று கேட்டால் போதும், வாசல் காவலாளி முதல் கண் மருத்துவர் வரை "மூணாவது மாடி, ஏசி ரிப்பேரான ரூம்" என்று சொல்லிவிடுவார்கள். காத்திருக்கும் கூடங்களின் சுவரில் மாட்டியிருக்கிற அழைப்புப் பலகைகள் எல்லாம் அவள் எழுதிய புரோகிராமில்தான் ஓடுகின்றன. செவிலியர் அறைக்குள் ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியே மணி ஒலிக்கும், அடுத்து உள்ளே போகவேண்டியவரின் பெயர் பெரிய எழுத்தில் வரும். அதுவும் தமிழில் வரும். "நாப்பத்தேழு, நாப்பத்தேழு யாரு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலத்துக்கு முடிவுகட்டியவள் அவள்தான். ஆறு வருடமாக அந்தப் பெருமையை அவள் வெளியே காட்டிக்கொண்டதும் இல்லை, உள்ளே குறைத்துக்கொண்டதும் இல்லை.

வயது நாற்பத்தாறு. பிடிவாதம் அதைவிடக் கொஞ்சம் கூட. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு, இந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்து, மூன்று மணிக்கு ஆறிப்போனதைச் சாப்பிடுகிற ரகம். வாயால் நன்றி சொல்வது மட்டும் அவளுக்குக் கைவராத காரியம். யாராவது ஒரு உதவி செய்துவிட்டால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போய், அவர்கள் கணினியில் ரொம்ப நாளாகத் தகராறு செய்துகொண்டிருக்கிற ஏதாவது ஒன்றைக் கேட்காமலேயே சரிபண்ணிவிட்டு வருவாள். அதுதான் நன்றி என்று புரிந்துகொள்ள மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடமாவது பிடிக்கும்.

அதே அறையில் எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். சர்வர்களையும் வயர்களையும் கட்டிக்காப்பது அவர் வேலை. அவள் இடது என்றால் அவர் வலது என்பார். சரி, வலதே இருக்கட்டும் என்று அவள் இறங்கிவந்தால், இடதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்பார். அவளைவிட இரண்டு வயது மூத்தவர்தான், ஆனாலும் எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். கோபம் வந்தால் அவள் அவரை சார் என்பாள். வாரத்தில் நான்கு நாள் அவர் சார்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மருத்துவமனையின் பதினான்கு பலகைகளும் ஒரே நேரத்தில் இருண்டன. கால் நிமிடம்தான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எரிந்தன. சர்வரில் ஓடும் அவளுடைய புரோகிராம் செத்து விழுந்திருக்கிறது. விழுந்ததை எழுப்பிவிடுவதற்கென்றே அங்கே இன்னொரு சின்ன புரோகிராம் காவல் இருக்கிறது, அது எழுப்பி ஓடவிட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மறுபடி விழுந்தது. புதன்கிழமை பதினொன்றே காலுக்கு. வியாழன், வெள்ளி, சனி எல்லாம் அப்படியே, தினம் ஒரு தடவை, தினம் வேறு நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழவில்லை.

அக்கா லாகைப் பார்த்தாள். புரோகிராம் தான் செய்த வேலையை வரிவரியாக எழுதிவைக்கிற குறிப்பேடு அது. கடைசி வரி ஒவ்வொரு நாளும் வேறொரு பிரிவில், வேறொருவரை ஒழுங்காக அழைத்து முடித்த வரியாக இருந்தது. அழைத்து முடித்த பிறகுதான் லாகில் எழுது என்று அவளே எழுதிவைத்திருந்தாள். அதனால் புரோகிராமைக் கொன்ற அழைப்பு எது என்பது லாகுக்குத் தெரியவே தெரியாது. அவள் முன்னூறு பக்கம் லாகை மூன்று முறை படித்து மண்டையை உடைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் வெள்ளிக்கிழமையே இயக்குநர் அம்மா கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் பயம்.

"எல்லா டாக்டரும் எங்கிட்ட வந்து சொல்றாங்க. ஒரு கம்பெனிக்காரங்க அவங்க பலகையைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போயிருக்காங்க. நம்பர் மட்டும்தான் வரும். ஆனா விழாதாம்."

"பேரு வராதுங்களா?"

"விழற பேரை வச்சு நான் என்ன பண்றது? அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள சரியாகலன்னா திங்கட்கிழமை அவங்களுக்குக் கையெழுத்து போட்டுடுவேன். உங்களை பிரின்டர் செக்‌ஷனுக்கு மாத்தறதா யோசனை."

பிரின்டர் செக்‌ஷன் என்றால் பேப்பர் சிக்கினதை இழுத்துவிடுகிற வேலை. அது கேவலமான வேலை என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் ஆறு வருடமாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மனிதர்கள் மறுபடி நாற்பத்தேழாக ஆகிவிடுவார்களே என்பதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் புலம்பினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு.

"எங்க லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா, நான் போற வரைக்கும் அங்கயேதான் நிக்கும்," என்றார் அவர், தலையணை உறையை உதறிக்கொண்டே. "எந்த வயர் போச்சு, எந்த ரிலே போச்சுன்னு நின்ன இடமே சொல்லிடும். உள்ள மாட்டினவங்க வேற கத்திக் கத்திச் சொல்வாங்க. உன்னுது விழுந்த உடனே எழுந்து மண்ணைத் தட்டிட்டு ஓடிடுது. அப்புறம் எங்க விழுந்துச்சுன்னு யாரைப் போய்க் கேப்ப?"

"லிஃப்ட் மாதிரி நிக்க வச்சா ஆஸ்பத்திரியே நின்னுடும்ங்க."

"நிக்க வைக்க வேணாம். எழுந்து ஓடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க முடியாதா?"

அக்கா ஒரு ஜோடி சாக்ஸை மூன்று முறை மடித்தாள். முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் போட்டோவுக்கு அவர்கள் தொழிலில் டம்ப் என்று பெயர். புரோகிராம் சாகிற அந்த நொடியில் அதன் நினைவில் என்னென்ன இருந்ததோ, எந்த வரியில் நின்றுகொண்டிருந்ததோ, கையில் எதை வைத்திருந்ததோ, அத்தனையையும் அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவைப்பது. கேட்டால் கொட்டும், கேட்காவிட்டால் கொட்டாது. கேட்காதே என்று ஆறு வருடத்துக்கு முன் எழுதிவைத்தவள் அவளேதான்.

அந்தக் கதையும் சொல்லியாக வேண்டும். புரோகிராம் புதிதாக ஓடத் தொடங்கிய வாரத்தில் அது அடிக்கடி விழும். விழும்போதெல்லாம் ஒரு டம்ப். ஒவ்வொன்றும் வீங்கிப்போய் இரண்டு ஜிபி. ஒருநாள் அப்படி விழுந்து விழுந்து சர்வரின் டிஸ்க் முழுக்க டம்பாக நிரம்பி, ஒரு வரி எழுத இடமில்லாமல் மருத்துவமனையின் எல்லாப் பலகைகளும் அரை நாள் நின்றுபோயின. அன்றைக்குக் கத்திக் கத்தி ஒரு செவிலியருக்குக் குரலே போய்விட்டது. அவர் ஒரு வாரம் சீட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா அழுதுகொண்டே டம்பின் அளவைப் பூஜ்யம் என்று மாற்றினாள். அதற்குப் பக்கத்தில், அடுத்து வருகிறவர்கள் படிப்பதற்காக ஒரு குறிப்பும் எழுதினாள்: "இதைத் தொடுகிறவர் கை விளங்காது." சாபத்தை சர்வரில் எழுதிவைத்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

மறுநாள் புதன்கிழமை காலை எதிர்க்கட்சியே பேச்சை எடுத்தார்.

"அக்கா, டம்பைத் தெறந்து விடலாமா?"

"செத்தாலும் மாட்டேன். டிஸ்க் நிரம்பினா யார் பதில் சொல்றது? நீங்களா சார்?"

எதிர்க்கட்சி தன் திரைக்குத் திரும்பிவிட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, விழத் தொடங்கியதிலிருந்து வேலைநாள் கணக்கில் பதினோராம் நாள், காலை பத்து நாற்பதுக்குப் பலகைகள் இருண்டு எரிந்தன. அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் கழித்து எதிர்க்கட்சி இரண்டு கையிலும் டீயோடு வந்து நின்றார். ஒன்றை அவள் மேசையில் வைத்தார். அவர் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள்.

"திட்டறதா இருந்தா டீயைக் குடிச்சிட்டுத் திட்டுங்க. டம்ப் விழுந்திருக்கு."

கதை இதுதான். அவள் முடியாது என்ற அன்றைக்கே அவர் பூஜ்யத்தை எடுத்துவிட்டார். முதல் நாள் பலிக்கவில்லை. தன் திரையில் மாற்றியது, காவல்கார புரோகிராம் எழுப்பிவிடுகிற அவளுடைய புரோகிராமுக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிட்டிருந்தார். காவல்காரனுக்கென்று இருக்கிற தனிக் கோப்பில் மாற்றினார். இரண்டாம் நாளும் பலிக்கவில்லை. டம்பை எழுதச் சொன்ன இடத்தில் எழுத அந்தப் புரோகிராமுக்கு அனுமதியே இல்லை. அதையும் கொடுத்தார். மூன்றாம் நாள் விழுந்துவிட்டது. டிஸ்க் நிரம்பாமல் இருக்கத் தனியாக ஒரு பழைய டிஸ்கை மாட்டி, ஒரே ஒரு டம்புக்கு மட்டும் இடம், அடுத்தது வந்தால் பழையது போய்விடும் என்று கட்டுப்பாடும் வைத்திருந்தார். அவள் நினைத்துப் பயந்த அத்தனையையும் அவரும் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"நான் வேணாம்னு சொன்னேன்ல சார்?"

"சொன்னீங்க. கை விளங்காதுன்னும் எழுதி வச்சிருக்கீங்க. நேத்துலேர்ந்து இந்தத் தோள்பட்டை கொஞ்சம் வலிக்குதுதான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் டீயைக் குடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு டம்பைத் திறந்தாள்.

திறந்தால் வெறும் கேள்விக்குறியாக வந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்டால் "??" என்றது. சர்வரில் ஓடுகிற பிரதியில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக எல்லாப் பகுதிகளின் பெயரையும் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார்கள். பெயர் இல்லாத டம்ப் கதவு எண் இல்லாத தெரு மாதிரி. எதிர்க்கட்சியின் முகம் தொங்கிப்போயிற்று. இந்த இடத்தில்தான் அக்காவின் இன்னொரு கிறுக்குத்தனம் கைகொடுத்தது. ஆறு வருடமாக வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பையும் சுரண்டாமல், முழுப் பெயர்களோடு தேதி போட்டு ஒரு ஓரத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். "குப்பை சேக்கறீங்க" என்று அவர் வருடா வருடம் கிண்டல் செய்துகொண்டிருந்த அதே குப்பை. சரியான தேதியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தவுடன் கேள்விக்குறிகள் போய்ப் பெயர்கள் வந்து உட்கார்ந்தன.

"குப்பைங்கற வார்த்தையை நான் வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார் எதிர்க்கட்சி.

புரோகிராம் விழுந்த இடம் நூற்றுப்பதினெட்டாம் வரி. ஒருவரை அழைக்கும்போது அவர் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று பார்க்கிற இடம். அறையின் விவரம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு முகவரி அங்கே இருக்க வேண்டும். அந்த முகவரியைப் பார்த்துப் போன புரோகிராம், அப்படி ஒரு இடமே இல்லாமல் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. முகவரி எப்படிக் கெட்டது? அக்கா முகவரி இருக்கவேண்டிய எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் விரித்தாள். ஈ-பூஜ்யம், ஏ-ஈ என்று ஆரம்பித்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி ஈ-பூஜ்யம், ஏ-எஃப்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். இயந்திரத்துக்குள் தமிழ் எழுத்துகள் எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆறு வருடமாகத் தினம் பார்க்கிற முகம் அது, கூட்டத்தில் பின்னால் நின்றாலும் அவளுக்குத் தெரியும்.

"இது முகவரி இல்ல," என்றாள். "இது யாரோட பேரோ. பேரு நீண்டு போய் முகவரி மேல படுத்திருக்கு."

"பேருக்கு எத்தனை இடம் விட்டீங்க?"

"இருபது எழுத்து. ஒரு எழுத்துக்கு மூணு இடம். அறுபது. எதுக்கும் இருக்கட்டும்னு அறுபத்துநாலு."

"இருபது எழுத்துக்கு மேல வந்தா?"

"வராது. வாசல்லயே எண்ணிப் பாத்து நிறுத்திடுவேன்."

அவள் அந்தப் பெயரைத் திரையில் எடுத்தாள். அப்பா பெயரும் சொந்தப் பெயருமாக இரண்டு வார்த்தை. விரலை விட்டு எண்ணினாள். பதினாறு எழுத்து. இருபதுக்குள்தான் இருந்தது. மறுபடி எண்ணினாள், பதினாறுதான். மூன்றாம் தடவை எண்ணும்போது விரல் "கு" என்ற எழுத்தின் மேல் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் "கு" என்பது ஒரு எழுத்து. அவளுக்கும் ஒன்று, உங்களுக்கும் எனக்கும் ஒன்று. ஆனால் இயந்திரத்துக்கு அது இரண்டு. "க" ஒன்று, அதற்குப் பின்னால் தொங்குகிற உகரக் குறி ஒன்று. புள்ளி வைத்தால் அதற்கும் தனி. இடம் ஒதுக்கும்போதும் அவள் தமிழ்ப் பிள்ளையாகவே எண்ணினாள், வாசலில் நிறுத்திப் பார்க்கும்போதும் தமிழ்ப் பிள்ளையாகவே எண்ணினாள். உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுவதற்கென்றே தனியாக ஒரு பகுதி எழுதி, அதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசியும் இருக்கிறாள். வேறு மொழிக்காரன் எழுதியிருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது, அவனுக்கு "கு" ஒரு எழுத்து என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பதினாறு எழுத்துப் பெயர் இயந்திரத்தின் கணக்கில் இருபத்தேழு. மூன்றால் பெருக்கி, நடுவில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்தால் எண்பத்திரண்டு. அறுபத்துநான்கு இடத்தில் எண்பத்திரண்டு எப்படி உட்காரும்?

இத்தனை வருடம் ஏன் விழவில்லை என்பதற்கும் அங்கேயே பதில் இருந்தது. பதிவு மேசையில் இருப்பவர்கள் நீளமான பெயர்களை எல்லாம் வெட்டிச் சுருக்கித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் முதல்முறையாக ஒரு பெயரை வெட்டாமல் முழுதாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை, நோயாளி பெயர் வெளியே போகக்கூடாது. கட்டு மாற்றும் பிரிவு, காலில் காயம், தினமும் வருகிறவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அக்கா அவருடைய பதிவை எடுத்துப் பார்த்தாள். பதினோரு நாள் வந்திருக்கிறார். பதினோரு நாளும் அவரை அழைத்த நேரமும் புரோகிராம் விழுந்த நேரமும் ஒன்று. புரோகிராம் எழுந்தவுடன் அவரை அழைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு அடுத்தவருக்குப் போயிருக்கிறது. பதினோரு நாளும் அந்தப் பிரிவில் கடைசியாக உள்ளே போனவர் அவர்தான், அதுவும் செவிலியர் கையால் குறித்திருக்கிறார்.

எல்லோரும் விழுந்த புரோகிராமைப் பார்த்தார்கள். விழுந்தபோது யார் பெயர் வராமல் போயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை, அவளும்தான். உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டு, கத்தாமல், பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிர்க்கட்சி நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இன்றைக்கு வெயில் குறைவு என்று யாரிடமோ சொன்னார்.

திருத்தம் ஒரே வரி. எழுத்தை எண்ணாதே, இடத்தை எண்ணு. பெயருக்கு இருநூற்றைம்பத்தாறு இடம். சோதனை இயந்திரத்தில் அந்தப் பெயரை நாற்பது தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள், நாற்பது தடவையும் வந்தது. நான்கு மணிக்கு இயக்குநர் அம்மாவின் அறையில் போய் நின்றார்கள்.

"யார் தப்பு?" என்றார் இயக்குநர்.

"என்னுதுங்க."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். கரண்ட், நெட்வொர்க், போன வருஷம் வேலையை விட்டுப் போனவர் என்று விதவிதமாகக் கேட்டுப் பழகிய காது அது.

"எவ்ளோ பெரிய தப்பு?"

"ஒரு வரிங்க."

"ஒரு வரிக்கா இத்தனை நாளு?"

"எந்த வரின்னு தெரியறதுக்குத்தான் நாளாச்சு. அதைக் கண்டுபிடிச்சது இவர். நான் வேணாம்னு சொல்லியும் டம்பைத் தெறந்து வச்சார். என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் விழுந்துட்டேதான் இருக்கும்."

எதிர்க்கட்சி வாயைத் திறந்து எதிர்ப்புத் தெரிவிக்கப் பார்த்து, எதை எதிர்ப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்," என்றார் இயக்குநர். "விழலன்னா கையெழுத்து போடல. விழுந்தா போட்டுடுவேன். அதுக்கப்புறம் யாரும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அறைக்குத் திரும்பியதும் அக்கா பழைய குறிப்பைத் திறந்து சாபத்தை அழித்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த இடத்தில் "இதைத் தொட்டவர் கை நன்றாக இருக்கட்டும்" என்று எழுதினாள். எதிர்க்கட்சி எட்டிப் பார்த்துவிட்டு, தோள்பட்டை வலி இப்போது பரவாயில்லை என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே அக்கா கட்டு மாற்றும் பிரிவின் கூடத்தில் போய் நின்றாள். செவிலியரிடம் கேட்டதும் கைகாட்டினார். மூன்றாம் வரிசை ஓரத்தில், இடது காலில் கட்டோடு, கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு, செய்தித்தாளை எட்டாக மடித்துப் படித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். சட்டைக் காலரில் நீலப் பெயின்ட் ஒரு பொட்டு. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"புதுசா வரீங்களா?" என்று அவரே ஆரம்பித்தார். "டோக்கன் அந்தப் பக்கம் வாங்கணும்."

"நான் இங்கதாங்க வேலை பாக்கறேன். கால்ல என்னாச்சு?"

"பெயின்டரும்மா நான். ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன். முப்பத்தெட்டு வருஷம் விழாம இருந்ததே பெரிசு."

"கூட யாரும் வரலையா?"

"கூட வர ஆள் இல்ல. தனியா வராதீங்கன்னு நர்ஸம்மா தினம் ஒரு பாட்டு விடறாங்க. ஆனா இங்க ரொம்ப மரியாதையாத்தான் பாக்கறாங்க. என்னை மட்டும் கடைசியா, கூட்டமெல்லாம் போனதுக்கப்புறம் நிதானமாக் கூப்புடறாங்க. வயசானவன்னு தனிச் சலுகை போல."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அது சலுகை இல்லை, தன் தப்பு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெயர் நீளம், அது உட்கார இடம் போதவில்லை, அதனால் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் புரோகிராம் விழுந்தது, அவர் மட்டும் விட்டுப்போனார். அவர் செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப என் பேரைத் தாங்க முடியாம ஆஸ்பத்திரியே விழுந்துச்சா?"

"ஆமாங்க."

"பதினோரு தடவை?"

"ஆமாங்க."

அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நான் ஒரு தடவைதான் விழுந்தேன்," என்றார். சிரித்து முடித்துவிட்டு, "பேரைச் சுருக்கிக் குடுத்துடவா? உங்களுக்குச் சிரமம் வேணாம்," என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

"வேணவே வேணாம். எப்படிங்க முழுசா எழுதினாங்க? எல்லாருக்கும் வெட்டிடுவாங்களே?"

"நான்தான் கெஞ்சிக் கேட்டேன். விழுந்த அன்னிக்கு என் பேர்லயே இன்னொருத்தர் வந்திருந்தாராம். அவர் எக்ஸ்ரேயை எனக்குக் காட்டி, ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கீங்கன்னு அனுப்பிட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்ன அந்தக் கால்லயே ரெண்டு நாள் நடந்தேன். அதுலேர்ந்து அப்பா பேரையும் சேத்து எழுதுங்கன்னு சொல்லிட்டேன். அவர் பேரை வச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தானே."

"நீங்க அப்படிச் சொன்னதாலதான் என் தப்பு எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் அக்கா. "ரொம்ப நன்றிங்க." அந்தச் சொல் வெளியே வந்துவிட்டதைக் கேட்டு அவளே கொஞ்சம் திகைத்தாள்.

அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெயர் வந்தது, போனார். இன்னொருவர் பெயர் வந்தது, போனார். அக்காவுக்கு நாற்பது தடவை சோதித்ததெல்லாம் மறந்துபோயிற்று. இயக்குநரின் பேனா, பிரின்டர் செக்‌ஷன், நாற்பத்தேழு யாரு என்று கத்துகிற குரல் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மணி ஒலித்தது.

பலகை இருளவில்லை. பெயர் வந்தது. ஒரு வரியில் அடங்காமல் இரண்டு வரியாக வந்தது, மேலே அப்பா பெயர், கீழே அவர் பெயர், ஒரு புள்ளிகூடக் குறையாமல். அக்கா மூச்சை விட்டாள். பக்கத்தில் திரும்பினால் பெயின்டர் எழுந்திருக்கவே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், உதடு மட்டும் மேல் வரியை மெதுவாகப் படித்தது.

"உங்களைத்தாங்க கூப்புடறாங்க," என்றாள் அக்கா.

"தெரியுதும்மா. கொஞ்சம் இருங்க."

அறைக் கதவைத் திறந்துகொண்டு செவிலியர் தலையை நீட்டினார். இவரை இத்தனை சீக்கிரம் எதிர்பார்க்காத ஆச்சரியம் அவர் முகத்தில் இருந்தாலும், வழக்கமான கேள்வியை விடவில்லை.

"இன்னிக்கும் தனியாத்தான் வந்தீங்களா?"

பெயின்டர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றார் அவர், பலகையைக் காட்டி. "எங்கப்பா கூட வந்திருக்கார் பாரு."